கருக்கரிவாளின் வழவழப்பான பக்கம்

கத்தி விற்கும் விளம்பரப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி உறுத்துகிறது. அலகின் முதுகில் ரம்பப் பல், பக்கவாட்டில் ஒரு வாய்க்கால், நுனிக்குப் பின்னால் ஒரு கொக்கி, பிடியை ஒட்டி அரைவட்டமாக ஒரு பள்ளம். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, ‘பெரியவங்க காரணமில்லாமலா வச்சிருப்பாங்க’. மற்றொன்று, ‘எல்லாம் பாவ்லா, காசு பிடுங்கறதுக்கு’. இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் இரண்டுமே கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். டெல்டாவில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தவிக்கத் தேவையே இல்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் கருக்கரிவாளையும் அடுக்களை மூலையில் சாத்தியிருக்கும் அரிவாள்மனையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

ஒரு அலகில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தென்பட்டால் நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகளை. இது எதை வெட்டுவதற்காக வந்தது? மழுங்கினால் இதை எப்படித் தீட்டுவது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. ஆனால் பொய்யைப் பிடித்துக் கொடுப்பது அதுதான்.

கருக்கு எந்தப் பக்கம்?

நெல்லறுக்கும் அரிவாளுக்குக் கருக்கரிவாள் என்று பெயர். சில ஊர்களில் பன்னருவா. கருக்கு என்றால் பனைமட்டையின் ஓரத்தில் இருக்கிறதே, அந்த முள்வரிசை. அதைப்போலவே இதன் வாயிலும், அதாவது வெட்டும் விளிம்பிலும், நுண்ணிய பல்வரிசை. ஒரு நெல்மணியின் அகலத்துக்குள் ஒன்றிரண்டு பல் அடங்கிவிடும். தள்ளி நின்று பார்த்தால் சாதாரண வாய் மாதிரித்தான் தெரியும். நகத்தை வைத்து லேசாக இழுத்தால்தான் நரநரவென்று சொல்லும்.

பல் எதற்கு என்றால், நெல்லில் மணல் இருக்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை. உமியை எரித்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிகா. தாளிலும் சோகையிலும் அதே சரக்குதான், அளவு கொஞ்சம் குறைவு. களை பறிக்க இறங்கியவர்களின் முழங்கையை நெல் சோகை கீறுவதும் இதனால்தான். இப்படிப்பட்ட தாளில் வழவழப்பான வாயுள்ள அரிவாளை ஓட்டினால் இரண்டு கோளாறு நடக்கும். வாயின் மெல்லிய விளிம்பைச் சிலிகா தேய்த்து உருட்டிவிடும். உருண்ட வாய் மினுமினுப்பான தாளின்மேல் வழுக்கும். வழுக்கினால் வெட்டுவதற்குக் கையை ஓங்க வேண்டியிருக்கும். ஓங்கினால் கதிர் அதிர்ந்து மணி உதிரும். வயலில் உதிர்ந்த மணி எலிக்கும் குருவிக்கும்தான்.

பல் இருந்தால் ஓங்கவே வேண்டாம். இடது கையில் ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளைச் சுற்றி வளைத்துக் கொடுத்து, தன்னை நோக்கி ஓர் இழுப்பு. பற்களின் சரிவு பிடிப்பக்கம் பார்த்து இருப்பதால் இழுக்கும்போது மட்டும் கவ்வும். முன்னால் தள்ளும்போது தாளைத் தொந்தரவு செய்யாது. அறுத்த பிடியை அப்படியே அரியாகப் போட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போகலாம். ஜப்பானிலும் நெல்லறுக்கப் பல் வைத்த அரிவாள் உண்டு, நோகோகிரி காமா என்பார்கள். இரண்டு நாட்டுக் கொல்லரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. இரண்டு ஊரிலும் அரிவாளிடம் இதைக் கேட்டது நெல்தான். இன்னும் பின்னால் போனால், மேற்கு ஆசியாவில் தானியம் அறுக்க மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்த கற்சில்லுகள் கிடைக்கின்றன. அவற்றின் விளிம்பில் ஒரு பளபளப்பு ஏறியிருக்கும். அது புல்லினத் தாள்களை அறுத்து அறுத்துச் சிலிகா போட்ட மெருகு. தொல்லியலாளர்கள் அந்த மெருகை வைத்தே இது அரிவாள் கல் என்று அடையாளம் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதைதான். அடுத்தது அரிவாளைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

கருக்கு ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. ரம்பத்தில் அரத்தை வைத்துப் பல்லை இடுக்கு இடுக்காக வெட்டுவார்கள். பல் தகட்டின் விளிம்பில் நிற்கும். கருக்கரிவாளில் அப்படியில்லை. அலகின் ஒரு முகத்தில், வாயை ஒட்டி, உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வரிவரியாகக் கோடு போட்டிருப்பார்கள். மறு முகம் வழவழவென்று இருக்கும். அந்தக் கோடுகளின் பள்ளம் வாயைச் சந்திக்கும் இடத்தில் பல்லிடுக்கு உண்டாகிறது. மேடு சந்திக்கும் இடத்தில் பல் நிற்கிறது. அதாவது, வரிகளும் வழவழப்பான முகமும் சந்திக்கும் ஓரம்தான் பல்.

இதன் பலன் தீட்டும்போது தெரியும். ரம்பம் மழுங்கினால் ஒவ்வொரு பல்லாக முக்கோண அரம் போட்டு உட்காரவேண்டும். கருக்கரிவாள் மழுங்கினால் வழவழப்பான முகத்தை மட்டும் கல்லில் தேய்த்தால் போதும். அந்த முகம் ஒரு மயிரிழை தேய்ந்ததும் புதிய ஓரம் வெளியே வரும். வரிகள் உள்ளே தயாராக இருப்பதால் புதிய பற்களும் கூடவே வந்துவிடும். தேயத் தேயப் பல் முளைக்கிற அரிவாள். யார் முதலில் யோசித்தார்களோ, பட்டறைக்குப் போகாமல் வரப்பிலேயே உட்கார்ந்து தீட்டிக்கொள்கிற அளவுக்கு விஷயத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

தீட்டுவதற்குக் கல்லோ மெல்லிய தட்டை அரமோ எதுவானாலும் சரி. வழவழப்பான முகத்தின்மேல் கிட்டத்தட்டப் படுத்தாற்போல வைத்து, பிடிப்பக்கத்திலிருந்து நுனிக்கு, வளைவோடு சேர்ந்து பத்துப் பதினைந்து இழுப்பு. கல்லைத் தூக்கிச் செங்குத்தாக வைத்தால் வாய் தடித்துப்போய்ப் பல்லின் கூர் போகும். தேய்த்து முடித்ததும் வரிப்பக்கம் ஒரு பிசிறு எழும்பி நிற்கும். அதைக் கல்லால் எடுக்கக்கூடாது. ஒரு மரக்கட்டையில் ஒருமுறை இழுத்தால் உதிர்ந்துவிடும்.

கெடுப்பது எப்படி என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. சாணை பிடிக்கிறவரிடம் கருக்கரிவாளைக் கொடுத்தால், கத்தி பழகிய கை இரண்டு பக்கமும் காட்டிவிடும். வரிப்பக்கம் சக்கரத்தில் பட்டதும் கோடுகள் மழுங்கிப்போகும். அதன்பிறகு வழவழப்பான முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் பல் வராது, வெறும் வாய்தான் வரும். மின்சாணையில் இன்னொரு ஆபத்து, சூடு. வாயோரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல், அதாவது காய்ச்சி முக்கி ஏற்றிய கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அங்கே இனி கூர் நிற்காது. சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கினால் தப்பிக்கலாம். கருக்கு முழுக்கப் போன அரிவாளுக்கு ஒரே வழி கொல்லுப்பட்டறை. உலையில் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, இரும்பு இளகியபிறகு உளியால் மறுபடி கருக்கு வெட்டி, அப்புறம்தான் துவைச்சல். துவைச்சல் ஏறிய அலகில் உளியை வைத்தால் உளிதான் எகிறும். அவசரத்தில் இந்த வரிசையை மாற்ற முடியாது.

இப்போது வயலில் அறுப்பு முழுக்க இயந்திரம்தான், பெல்ட் வண்டி இறங்கினால் ஒரு மணிநேரத்தில் ஏக்கர் காலி. ஆனால் ஐப்பசி மழையில் சாய்ந்து சேற்றோடு ஒட்டிக்கிடக்கும் குறுவையை, வண்டி திரும்ப முடியாத மூலையை, வரப்போரத்தை யார் எடுப்பது? இன்னும் அங்கே கருக்கரிவாள்தான். மற்ற நாளில் மாட்டுக்குப் புல்.

வளைந்த மூக்கு

தென்னை மட்டைக்கும் கிளைக்கும் எடுக்கும் வெட்டரிவாளின் மூக்கு முன்னால் வளைந்து கிளியலகு மாதிரி இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சினிமா அதைப் பயமுறுத்துவதற்கென்றே ஆக்கிவிட்டது. மரமேறுகிறவர் அதற்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார். உருண்டையான கிளையில் நேரான அலகு பட்டால் நுனிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், வீசிய வேகம் முழங்காலை நோக்கி வரும். மூக்கு வளைந்திருந்தால் கிளை அந்த வளைவுக்குள் சிக்கி நின்றுகொள்ளும். தென்னையின் கொண்டைக்குள் ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு இருக்கும்போது, எட்டாத பாளையை மூக்கால் மாட்டி இழுக்கலாம். தரையோரமாகப் புதர் வெட்டும்போது, மூக்கு முன்னால் நிற்பதால் மண்ணில் மோதுவது அதுதான், வாய் தப்பிக்கும். இளநீர்க்காரர் அதே மூக்கால்தான் வழுக்கையைக் குத்தி உறிஞ்சுகுழலுக்கு வழி செய்கிறார்.

கனம் முன்னால் போவது இதோடு சேர்ந்த சூட்சுமம். ஒவ்வொரு அரிவாளிலும் ஓர் இடம் உண்டு. அங்கே அடி விழுந்தால் கைக்கு எந்த அதிர்ச்சியும் வராது. அதைத் தாண்டி நுனியிலோ, அதற்கு இந்தப் பக்கம் பிடியருகிலோ பட்டால் உள்ளங்கை சுரீர் என்னும். நல்ல கொல்லர் அலகு அதிகமாக அகலும் வயிற்றை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். வாங்கும்போது சோதிக்க ஒரு விறகுக்கட்டை போதும், இரண்டு அடியில் தெரிந்துவிடும்.

வளைந்த மூக்குக்கு ஒரு விலையும் உண்டு. முழு அலகையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கழுத்தில் ஒருநாள் உடையும். ஆகவே வாயோரத்தை மட்டும் விரலகலத்துக்கு முக்கி எடுப்பது. முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும்போது, மேலே தேய்த்துத் துலக்கிய இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அது ஏறத்தாழ 230 டிகிரி. பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். சீவுகிற மெல்லிய கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்திவிடலாம். ஓங்கி அடிக்கிற அரிவாளுக்குப் பழுப்பு தாண்டி ஊதா தொடும்போது மறுபடி முக்க வேண்டும். மஞ்சளில் நிறுத்திய வெட்டரிவாள் மூங்கில் கணுவில் பட்டதும் வாயில் பிறை பிறையாகச் சில்லு பெயரும். நீலத்துக்கு மேல் விட்டது சில்லு பெயராது, மடங்கும். மடங்கியதைத் தட்டி நிமிர்த்தலாம், பெயர்ந்ததை அரைத்துத்தான் தீர்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் நீலத்தின் பக்கம் சாய்வதே மேல் என்பது என் கட்சி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிற அரிவாள்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த எஃகில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் என்பதால் அதன் பலமே உடையாமல் தாங்குவதில் இருக்கிறது.

ஆனாலும் அரிவாளால் ஆகாத வேலை உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத்தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. தென்னையின் அடிமரம் வேம்பையும் புளியையும் போலச் சில்லாகப் பெயராது, நாராக இருந்து அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் இறுக்கம், உள்ளே சோறு. மட்டைக்கென்று பிறந்த அரிவாளுக்கும் கோடாலிக்கும் அங்கே வேலையில்லை, சங்கிலி ரம்பம்தான் வேண்டியிருந்தது.

அலகு நிற்கட்டும், காய் நகரட்டும்

அரிவாள்மனையைக் கத்தி வரிசையில் சேர்ப்பார்களோ என்னவோ, நான் சேர்ப்பேன். பெரும்பாலான கத்திகள் கையில் ஓட, இது பலகையில் நிற்கிறது. வாய் வெட்டுகிறவரைப் பார்த்து இருக்கும். பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் காயைப் பிடிக்கக் கிடைக்கிறது. பூசணிக்கீற்று, வாழைப்பூ, பலாக்காய் போன்றவற்றை ஒரு கையால் பிடித்து மறு கையால் நறுக்கும்போது உருளுமே, அந்த வம்பு இங்கே கிடையாது. நாகப்பட்டினத்துப் பக்கம் மீன் அரிகிற பெண்கள் இப்படி நிற்கிற அலகை விடாததற்கும் அதுதான் காரணம். ஈரமான, வழவழக்கும் மீனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கலாம்.

அலகின் வளைவை நேராக்கினால் மனை வீணாகிவிடும். காயை வெறுமனே எதிரே தள்ளினால் நசுங்கும். தள்ளிக்கொண்டே கீழிறக்கினால் சீவும். வாய் உள்வளைவாக இருப்பதால் காய் மேலே நழுவிப் போகாமல் அந்த வளைவுக்குள்ளேயே இறங்கிவருகிறது. உச்சியில் இருக்கும் தேங்காய்த் துருவியும் ஒட்டவைத்த ஆடம்பரமில்லை. மூடியை இரண்டு கையாலும் ஏந்தி அதன்மேல் திருப்பத்தான் அலகு அசையாமல் நிற்கிறது. தோப்பில் தேங்காய் உரிக்க நட்டுவைத்த இரும்பும் இதே யோசனைதான். துருவியின் பல் மழுங்கினால் உட்குழிவில் சின்ன உருண்டை அரம் போடலாம். வெளிப்பக்கம் தேய்த்தால் பல் குட்டையாகி, தேங்காய் பூவாக விழாமல் சில்லாக விழும்.

வெறுமனே ஒட்டிக்கொண்டவை

இப்போது விளம்பரக் கத்திக்கு வருவோம். பக்கவாட்டு வாய்க்காலை ‘ரத்தம் ஓட’ என்று சொல்வது பழைய கதை. நீளமான வாளில் அது எடையைக் குறைக்கிறது, ஆனால் விறைப்பை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. தண்டவாளத்தின் நடுவை மெலிதாக வைத்து மேலும் கீழும் தடிமனாக விடுகிறார்களே, அந்தக் கணக்கு. சம்மட்டியால் அடித்துப் பள்ளம் இறக்கும்போது இரும்பு இரண்டு பக்கமும் விரிவதால் அதே இரும்பில் அகலமான அலகும் கிடைக்கும். ஒரு சாண்கூட இல்லாத கத்தியில் இதில் எதுவும் பெரிதாகக் கைக்குத் தெரியாது. அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் இல்லை.

முதுகு ரம்பம் அப்படியில்லை, கெடுதல் உண்டு. தச்சரின் ரம்பத்தில் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமும் சாய்த்திருப்பார்கள். அதனால் வெட்டும் பாதை தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாகி ரம்பம் இறுகாமல் ஓடும். கத்தியின் முதுகிலோ பல் நேராக நிற்கிறது, தகடும் தடிமன். விரற்கடை ஆழம் போவதற்குள் மரம் கவ்விக்கொள்ளும். கூடவே, முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்தும் வசதியும் போச்சு. இதற்கும் ஒரு காலத்தில் வேலை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளில் வழி வெட்டும் பிரிவினர் மரத்துக்கென்று முதுகில் ரம்பம் வைத்த துப்பாக்கிக் கத்திகளைச் சுமந்தார்கள். முதல் உலகப்போரில் எதிரணி அதைக் கொடூர ஆயுதம் என்று பிரசாரம் செய்ய, ஜெர்மானியர் பலவற்றின் பல்லை அரைத்தே எடுத்துவிட்டார்கள். அந்தக் கத்தி மரத்துக்குப் பிறந்தது என்பது மறந்து, பயமுறுத்தும் தோற்றம் மட்டும் இன்றைய கத்திகளில் தங்கிவிட்டது. நம் ஊரில் சாமிக்கு நேர்ந்துவிடும் ஆளுயர அரிவாளும் வெட்டுவதற்கில்லை. ஆனால் அதை யாரும் வயலுக்கு என்று சொல்லி விற்பதில்லை.

நுனிக்குப் பின்னால் இருக்கும் கொக்கி வேட்டைக்காரர்களுடையது. மானின் தோலைக் கீறும்போது குடல் கிழியாமல் இருக்க, கொக்கியின் உட்பக்கம் மட்டும் கூர். நமக்கு மான் இல்லை. ஆனால் தைத்த நெல் சாக்கின் நூலை அறுக்க இதைப்போல வசதியானது வேறு கிடையாது, உள்ளே இருக்கும் சாக்கில் கீறல் விழாது. தீட்டத் தட்டைக் கல் கொக்கிக்குள் நுழையாது, உருண்டைக் கம்பிக் கல்தான் வேண்டும். அது கையில் இல்லாதவருக்குக் கொக்கி ஆறு மாதத்து வசதி. பிடியருகிலுள்ள சிறு பள்ளம் மட்டும் சத்தியமாகத் தீட்டுவதற்கென்றே வந்தது. வாய் முடியும் இடத்தில் கல்லின் விளிம்பு முட்டாமல் கடைசிவரை ஓட வழி விடுகிறது. பள்ளத்தை அகலமாக வைத்துவிட்டால் வாழைநாரும் கயிறும் அதில் போய் மாட்டும். வாழைத்தோட்டத்துக்கு அப்படிப்பட்ட கத்தி வேண்டாம். வாழைச்சாறு பட்டதும் கழுவாவிட்டால் அலகு கறுக்கும், அது வேறு சங்கதி.

மாறாக, கும்பகோணம் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ள எடுக்கும் இரும்பு நகத்தைப் பாருங்கள். கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டுத் தகடு, பிடி என்று ஒன்றே கிடையாது. காம்பை ஆள்காட்டி விரலோடு சேர்த்து நெரித்தால் நார் இழுபடாமல் அறுந்துவிடும், கொடிக்குக் காயம் இல்லை. இதைவிட விநோதமான கத்தியை எந்த விளம்பரமும் காட்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பாகம்

அலகைப் பற்றி இவ்வளவு பேசினாலும் அரிவாள் சாவது பெரும்பாலும் பிடியில்தான். அலகின் வாலைப் பிடிக்குள் இறக்குவதற்கு, மரத்தில் வாலைவிடச் சிறிய துளை போட்டு, வாலைச் சிவக்கக் காய்ச்சிச் சிறுகச் சிறுக எரித்துக்கொண்டே நுழைப்பார்கள். கடைசி அரை விரற்கடையைச் சூடாக்காமல் தட்டி இறக்கவேண்டும், அந்த இறுக்கம்தான் பிடித்து நிறுத்துவது. அரக்குத்தூள் போட்டு இறக்கினால் ஈரம் உள்ளே போகாது. பிடியின் வாயில் ஒரு பூண். பூண் இல்லாத பிடி முதல் பலமான அடியிலேயே நெடுக்காகப் பிளக்கும். பச்சை மரத்தில் போட்ட பிடி சித்திரை வெயிலில் சுருங்கிக் கடகடவென ஆடும். ஆடுகிற அரிவாளை எல்லோரும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அன்றைக்கு இறுகும், ஆனால் ஊதிய மரம் பூணுக்குள் தானே நசுங்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், வாலும் துருவேறும். கழற்றி, அரக்கு வைத்து, திரும்ப இறக்குவதுதான் வைத்தியம்.

சந்தையில் கருக்கரிவாள் வாங்குகிறவர்கள் வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, அலகை வெளிச்சத்தில் சாய்த்து வழவழப்பான முகம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அங்கே சம்மட்டிக் குழி இருந்தால் தேயும்போது இடைவெளி விட்டுத்தான் பல் வரும். இடது கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் மட்டும் சாய்த்த வாய், சமமான முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக இழுக்கும். வலது கையில் கிடையாக ஓடும் அரிவாள் இடது கையில் மாறியதும் முகம் தலைகீழாகி மேலேயோ கீழேயோ இழுத்துக்கொண்டு போகும். கடையில் தொங்குவது பெரும்பாலும் வலது கைக்கு வெட்டியதுதான். பட்டறையில் கருக்கு வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் கொல்லர் உளியை மறு முகத்தில் வைப்பார்.